படகு புறப்படுமுன்: வாவித் துறைகளில் பாதுகாப்புத் தொண்டராக வேலை செய்யும் முறை

மட்டக்களப்பு வாவியில் எத்தனை பாலம் வந்தாலும் தோணிக்கும், ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவையான 'பாதை'க்கும் வேலை ஓயவில்லை. மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். குருமண்வெளி – மண்டூர், குருக்கள்மடம் – அம்பிளாந்துறை, சந்திவெளி – திகிலிவெட்டை போன்ற துறைகளில் பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் வைத்தியசாலைக்கும் சனம் தண்ணீரைக் கடந்துதான் போய்வந்திருக்கிறது. மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் அங்கேயும் படகுதான். இப்படியான துறைகளில் தொண்டராக நிற்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

தொண்டர் என்றதும் பலருக்கு நினைவில் வருவது தண்ணீரில் பாயும் இளைஞர். நல்ல நீச்சல்காரர் ஒரு பத்துப் பேர் கரையில் நின்றாலும், முப்பது பேரோடு கவிழும் பாதைக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியாது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்ததை எல்லாரும் அறிவோம். இந்த வேலையில் முக்கால்வாசி கரையில், கயிறு அவிழ்க்குமுன் நடப்பது: எண்ணுவது, அளப்பது, உயிர்காப்பு அங்கி மாட்டிவிடுவது, சில நேரம் "இப்ப வேண்டாம்" என்று சொல்வது. நீச்சல் தெரியாதவரும் இதில் சேரலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பதிவேடு எழுதும் வேலையோடு நிறுத்துங்கள், மீட்பு வேலைக்கு எடுக்காதீர்கள்.

எங்கே சேர்வது

தனியாகப் போய்த் துறையில் நின்று அதிகாரம் பண்ணினால் முதல் நாளே சண்டை வரும். முதலில் கிராம சேவையாளரைக் கண்டு, ஊரில் அனர்த்த முகாமைத்துவக் குழு இயங்குகிறதா என்று கேளுங்கள். தேடுதல் மீட்பு, முதலுதவி என்று அதற்குள் உபகுழுக்கள் இருக்கும். துறை வேலைக்கு அதுதான் சரியான கூரை. முதலுதவிப் பயிற்சிக்கு இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையை நாடலாம். மீனவர் சங்கத்தின் சம்மதம் மூன்றாவது. படகோட்டிகளில் பெரும்பாலோர் அதன் உறுப்பினர்கள். அவர்கள் தலையசைக்காமல் எந்தத் துறையிலும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

ஒன்றை மனதில் வையுங்கள்: தொண்டருக்குப் படகை மறிக்கச் சட்ட அதிகாரம் கிடையாது, பொலிசாருக்கு உண்டு. ஆகவே பேச்சுத்தான் ஆயுதம். "அண்ணே, இரண்டு பேர் அடுத்த முறைக்கு நிக்கட்டும், நான் அவங்களோட கதைக்கிறன்" என்றால் படகோட்டிக்கு வேலை குறைகிறது. "ஏத்தாதீங்க" என்று சனத்துக்கு முன்னால் கத்தினால் மானப் பிரச்சினையாகி, வேண்டுமென்றே இன்னும் இருவரை ஏற்றுவார். பயணிகளிடமும் அப்படியே: காக்கா, ராத்தா, அக்கா, தம்பி என்று முறை சொல்லிக் கேளுங்கள். வயதானவரை "ஐயா, இந்தப் பக்கம் இருங்க" என்று கைபிடித்து இருத்திவிட்டால் அவருக்குப் பின்னால் வருபவர் தானாகவே இருந்துவிடுவார்.

படகை அளப்பது

அளவுநாடா ஒன்று வாங்குங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை, 20 அடிக்குக் குறைந்த ஒற்றை உடல் படகுகளுக்கு ஒரு எளிய கணக்குச் சொல்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் வருவது ஆட்களின் எண்ணிக்கை. 18 அடி நீளம், 5 அடி அகலமுள்ள ஃபைபர் படகுக்கு 90ஐ 15ஆல் வகுக்க 6 வரும். படகோட்டியும் அந்த ஆறில் ஒருவர். இது நல்ல வானிலைக்கான கணக்கு. ஒடுங்கிய தோணிக்கும் இரட்டை மிதவைப் பாதைக்கும் பொருந்தாது.

கணக்கை விட நம்பகமானது கோடு. அமைதியான காலை ஒன்றில் படகோட்டியையும் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஒருவருக்கு 75 கிலோ என்று எடுத்தால் 6 பேர் 450 கிலோ, அதாவது 50 கிலோ அரிசி மூட்டை ஒன்பது. எஞ்சினும் எண்ணெய்க் கலனும் இருந்த இடத்தில் இருக்க, மூட்டைகளை இருக்கைகளில் பரவலாக வையுங்கள். விளிம்பின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தண்ணீர் வரை அளவெடுங்கள். எஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பலகையில் வெட்டியிருக்கும் இடம்தான் வழக்கமாக மிகத் தாழ்வு, தண்ணீர் முதலில் ஏறுவதும் அதன் வழியாகத்தான். அங்கே 30 செ.மீ.க்குக் குறைந்தால் மூட்டையைக் குறையுங்கள். சரியானதும் இரு பக்கமும் நீர்மட்டத்தைக் குறித்து, படகைக் கரையேற்றிக் காயவிட்டு, 5 செ.மீ. அகலத்தில் பளிச்சென்ற நிறத்தில் கோடு அடியுங்கள். கோடு தண்ணீருக்குள் போனால் ஆள் கூடிவிட்டது. எண்ணிக்கையில் வாதாடுபவர்கூடக் கோட்டோடு வாதாட மாட்டார்.

பாதைகளுக்கு வேறு சோதனை. யாரும் ஏறாத விடியற்காலையில் மேடையின் நாலு மூலையிலும் தண்ணீர் வரை அளந்து எழுதுங்கள். நாளுக்கு நாள் ஒரு மூலை மட்டும் தாழ்ந்துகொண்டு வந்தால் அந்தப் பக்கத்து மிதவைக்குள் தண்ணீர் போகிறது. தட்டிப் பார்த்தாலும் தெரியும், நீர் நின்ற இடத்தில் சத்தம் மந்தமாக வரும். உள்ளே நின்ற தண்ணீர் பாரமாக மட்டும் இருப்பதில்லை. பாதை சாயும்போது சாய்ந்த பக்கத்துக்கே ஓடி இன்னும் சாய்க்கும். சாதாரணப் படகிலும் இதே கதைதான். 15 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள தட்டையான தளத்தில் வெறும் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 280 கிலோ, மூன்று பேருக்கு மேற்பட்ட பாரம். இறைக்கும் வாளி இல்லாத படகைக் குறிப்பில் எழுதுங்கள். வாளியைக் கயிற்றால் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரம் அதுவும் மிதந்து போய்விடும்.

உயிர்காப்பு அங்கி

அங்கியின் உட்பக்கத்து லேபலில் 50, 100, 150 என்று நியூட்டன் அளவு இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை கிட்ட இருக்கும்போது. பயணிகளுக்கு 100ஆவது வேண்டும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் தாண்டிப் போகிறவர்களுக்கு 150. லேபல் அழிந்துபோன அங்கி துறைகளில் நிறையக் கிடக்கும், அவற்றை இப்படிச் சோதியுங்கள். கடைத் தராசின் இரும்புப் படி 10 கிலோவை 100 நியூட்டன் அங்கியில் கட்டித் தண்ணீரில் ஒரு மணிநேரம் விடுங்கள். இரும்பு தண்ணீருக்குள் சுமார் 8.7 கிலோ பாரம் காட்டும், நல்ல அங்கி அதைத் தாங்கி மிதக்கும். தாழ்ந்தால் உள்ளிருக்கும் நுரை செத்துவிட்டது. 50 நியூட்டன் அங்கிக்கு 5 கிலோ படி போதும். இரும்புக்குப் பதில் கருங்கல்லையோ கொங்கிரீட் துண்டையோ கட்டாதீர்கள்: தண்ணீரில் அவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடையை இழக்கும், கெட்ட அங்கியும் நல்லதாகத் தெரியும்.

அங்கியைக் கெடுப்பது பெரும்பாலும் வெயிலும் பின்பக்கமும்தான். இருக்கைக்கு மெத்தையாகப் போட்டு இருந்தால் நுரை நசுங்கி மிதக்கும் தன்மை போய்விடும். வெயிலில் நிறம் வெளிறிய துணியைப் பெருவிரலால் அழுத்தி இழுத்தால் கிழிந்துவிடும். கொக்கி ஒன்று உடைந்ததைக் கயிற்றால் கட்டி ஓட்டவேண்டாம், அவசரத்தில் அவிழாது.

மாட்டிவிடும்போது எல்லாக் கொக்கியும் பூட்டி, வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு இரு தோள்களையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி நாடியைத் தாண்டி ஏறினால் தண்ணீரில் ஆள் கீழே, அங்கி மேலே. பிள்ளைகளுக்கு வயதைப் பாராமல் லேபலில் உள்ள உடல் நிறையைப் பாருங்கள், கால்களுக்கிடையே போகும் வார் கட்டாயம் பூட்டவேண்டும்.

துறையில் அடிக்கடி காணும் பிழைகள் சில. புத்தகப் பை முதுகில் இருக்க அதற்கு மேலே அங்கி போடுவது: பை நனைந்தால் கனத்துப் பிள்ளையைப் பின்னால் இழுக்கும். பையைக் கழற்றிக் கையில் கொடுங்கள். கைக்குழந்தையைத் தாயின் அங்கிக்குள் செருகுவது அதை விட மோசம், தாய் முகங்குப்புற விழுந்தால் குழந்தை அடியில். சேலை முந்தானை, அபாயா, சால்வை எல்லாம் அங்கிக்கு உள்ளே அடங்கவேண்டும். சாரத்தை மடித்துக் கட்டச் சொல்லுங்கள், நனைந்த சாரம் காலைச் சுற்றினால் நீந்தத் தெரிந்தவனும் உதைக்க முடியாது.

"குறுக்காலதானே, அஞ்சு நிமிசம்" என்று அங்கியை மறுப்பவர் எல்லாத் துறையிலும் இருப்பார். வாவி பல இடங்களில் ஆள் ஆழம்தான் என்பதும் அவர் வாதம். ஆழத்தை விடச் சேறுதான் ஆபத்து என்பதை அவருக்குச் சொல்லுங்கள்: நிற்கலாம் என்று காலை ஊன்றினால் முழங்கால் வரை புதையும், உதறி எடுக்க எடுக்க இன்னும் இறங்கும்.

ஏற்றும்போது

படகோட்டி முதலில் ஏறி எஞ்சினைத் தொடங்கி, எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் வெளியேறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட்கள். ஒருவர் ஏறி இருந்தபின் அடுத்தவர். நடுவிலிருந்து நிரப்பி, இடமும் வலமும் மாறி மாறி இருத்துங்கள். எண்ணிக்கையை ஒருவர் மட்டும் எண்ணினால் போதாது. ஏறும்போது ஒருவரும் புறப்படுமுன் இன்னொருவரும் எண்ணி, இரண்டும் ஒத்தால் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுங்கள். மடியிலிருக்கும் குழந்தையும் ஒரு தலை. விபத்து நடந்தால் மீட்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பேர்" என்பதுதான், அதற்குச் சரியான விடை இல்லாமல் இரவு முழுக்கத் தேடுவார்கள்.

பாதையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை இரண்டு ஆளாகக் கணக்கிடுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஓட்டுபவர் இறங்கி, நடுக்கோட்டில் நிறுத்தவேண்டும். கரை கிட்ட வரும்போது எல்லாரும் ஒரேயடியாக முன்பக்கம் நெருங்குவதுதான் மிக ஆபத்தான கணம். மறுகரையில் நிற்கும் தொண்டர் கையை உயர்த்தி "கட்டும்வரை இருங்க" என்று குரல் கொடுப்பதை வழக்கமாக்கினால் சில வாரத்தில் சனம் பழகிவிடும். ஆவணியில் மண்டூர்த் திருவிழா நாட்களில் குருமண்வெளிப் பக்கம் இரட்டிப்பு ஆள் வேண்டும். கயிறு கட்டி வரிசை அமைத்து, ஒரு முறைக்குரிய ஆட்களை மட்டும் இறங்குதுறைக்குள் விடுங்கள்.

வெளியிணைப்பு எஞ்சின்களில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் வயர் இருக்கும். அது ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ மாட்டப்பட வேண்டும். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு துண்டுக் கம்பியைச் செருகி ஓட்டுகிறார்கள். ஓட்டுபவர் விழுந்தால் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

காற்றும் மழையும்

காலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்த்துத் துறைப் பலகையில் எழுதுங்கள், பிறகு கண்ணை நம்புங்கள். வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. வாடைக்காற்று அதன் நீளத்துக்கு அடித்தால் அலை வளர நிறைய இடம் உண்டு. கச்சான் காற்று வீசும் காலத்தில் காலையில் அமைதியாகக் கிடக்கும் தண்ணீர் பகலில் குமுறும். வெள்ளைநுரை பரவலாகத் தெரியத் தொடங்கினால் காற்று மணிக்கு 20 கி.மீ.ஐத் தாண்டிவிட்டது: ஆளைப் பாதியாக்குங்கள், அல்லது நிறுத்துங்கள்.

மின்னலுக்கு ஒரு கணக்கு: மின்னல் கண்டு 30 செக்கனுக்குள் இடி கேட்டால் படகு இறங்கக்கூடாது, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுக்கவேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இது அடிக்கடி தேவைப்படும்.

பெருமழைக்குப் பின் முகத்துவாரம் திறந்திருக்கும்போது வாவித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். பாலமீன்மடுவிலும் கல்லாறுப் பக்கமும் அந்த இழுவை எதிரே வரும் கடல் அலையைச் செங்குத்தாக எழுப்பி உடைக்கும். எஞ்சின் நின்றால் நங்கூரம் போட சில விநாடிகளே கிடைக்கும். ஆகவே நங்கூரமும் கயிறும் படகின் முன்பக்கம் சிக்கலில்லாமல் தயாராக இருக்கவேண்டும். வெள்ளத்தோடு வரும் ஆற்றுவாழையும் அறுந்த வலையும் எஞ்சினின் காற்றாடியில் சுற்றும். கை விட்டு எடுக்குமுன் எஞ்சினை நிறுத்தவேண்டும். கண்டல் ஓரமாக, குறிப்பாகப் பொழுதுபட்ட பிறகு, யாரையும் தண்ணீரில் இறங்கித் தள்ள விடாதீர்கள். முதலை உள்ள வாவி இது.

எறிகயிறு செய்யும் முறை

8 மி.மீ. கயிறு 20 மீற்றர், 5 லீற்றர் மூடியுள்ள பிளாஸ்டிக் கலன் ஒன்று. கடையில் நீலக் கயிற்றை எல்லாம் நைலோன் என்றே சொல்வார்கள். உண்மை நைலோன் தாழும், பொலிபுரோப்பலின் மிதக்கும். ஒரு சாண் துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து மிதப்பதை வாங்குங்கள். கலனில் அரை லீற்றர் தண்ணீர் விட்டு மூடி, கைபிடியில் கயிற்றைக் கட்டுங்கள். வெறுங்கலன் காற்றில் பறக்கும், நிறையத் தண்ணீர் விட்டால் தலையில் பட்டுக் காயமாகும்.

எறிபவர் ஒரு காலைப் பின்வைத்து, கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடிக்கவேண்டும். மணிக்கட்டில் சுற்றக்கூடாது. பெயர் சொல்லியோ "கயிறு!" என்றோ கத்திவிட்டு, ஆளின் தோளுக்கு மேலால் அப்பால் விழும்படி எறிந்து இழுத்தால் கயிறு அவர் கைக்கு வரும். அவர் பிடித்ததும் குந்தி இருந்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் உங்களை இழுத்துவிடுவார். 15 மீற்றருக்குப் பத்து எறிக்கு ஏழாவது சரியாக விழும்வரை பழகுங்கள்.

ஆள் விழுந்தால்

வரிசை மாறக்கூடாது. முதலில் கம்பு, துடுப்பு, சாரம் எதையாவது நீட்டு. எட்டாவிட்டால் எறி. அதுவும் ஆகாவிட்டால் படகில் போ. பயிற்சி பெற்றவர், அங்கி போட்டு, மிதக்கும் பொருள் ஒன்றோடு இறங்குவது கடைசி. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது இந்த வரிசையை மறந்த இடத்தில்தான்.

ஓடும் படகிலிருந்து ஆள் விழுந்தால் ஒருவர் அவரைக் கையால் சுட்டிக்காட்டியபடி கண்ணெடுக்காமல் நிற்கவேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஓட்டுபவர் ஆள் விழுந்த பக்கத்துக்கே முன்பக்கத்தைத் திருப்பவேண்டும், அப்போதுதான் பின்பக்கமும் காற்றாடியும் விலகும். காற்றை எதிர்த்து மெதுவாக அணுகி, கிட்ட வந்ததும் எஞ்சினை முற்றாக நிறுத்துங்கள். நியூட்ரல் போதாது. சிறிய படகில் பக்கவாட்டால் இழுத்து ஏற்றினால் எல்லாரும் கவிழ்வீர்கள். மற்றவர்களை எதிர்ப்பக்கம் இருத்திவிட்டு, நின்ற எஞ்சினுக்கு அருகே பின்பக்கத்தால் ஏற்றுங்கள்.

படகே கவிழ்ந்தால் அதை விட்டுப் போகக்கூடாது. கரை கிட்டத் தெரியும், ஆனால் நீந்தினால் தூரம். கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்து தலைகளை எண்ணுங்கள். சேற்றில் கால் புதைந்தால் மல்லாந்து சாய்ந்து மெதுவாக உருவி எடுக்கவேண்டும்.

கரையில் முதலுதவி

வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடிப்பது, தோளில் போட்டு ஓடுவது எல்லாம் நேரத்தைக் கொல்லும், வாந்தியைச் சுவாசப் பைக்குள் தள்ளும். அழைத்தும் உலுப்பியும் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் மட்டமான தரையில் மல்லாத்தி, ஒருவரை அம்புலன்ஸுக்கு 1990இல் அழைக்கச் சொல்லிவிட்டு உடனே தொடங்குங்கள். தலையைப் பின்சாய்த்து மூக்கை அடைத்து, நெஞ்சு உயரும்படி 5 மூச்சு கொடுங்கள். 2 மூச்சு என்று கற்றவர்கள் அப்படியே செய்யலாம். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தட்டுப்பாடாவது ஒட்சிசன் என்பதால் மூச்சை விட்டுவிட்டு வெறும் அழுத்தத்தில் தொடங்காதீர்கள். பிறகு நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. வளர்ந்தவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பிள்ளைகளுக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வாயில் வரும் நுரையைத் துடைத்துக்கொண்டு நிற்கவேண்டாம். மூச்சு உண்டு, நினைவு இல்லை என்றால் பக்கவாட்டில் சரித்து வையுங்கள். எழுந்து இருந்து கதைத்தாலும் வைத்தியசாலைக்கு அனுப்பத்தான் வேண்டும். சில மணிநேரத்தில் மூச்சுத்திணறல் கூடலாம்.

மீன்பிடிப் படகுகளின் பதிவு

பயணிகள் இல்லாத துறைகளில் தொண்டரின் முக்கிய வேலை ஒரு கொப்பிதான். படகின் பதிவிலக்கம், நிறம், ஆட்கள், போகும் பக்கம், எண்ணெய் அளவு, திரும்பும் நேரம், வீட்டுத் தொலைபேசி. எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. சொன்ன நேரம் தாண்டி 30 நிமிடத்தில் அழைப்பு எடுங்கள். ஒரு மணிநேரத்தில் பக்கத்துத் துறைகளைக் கேளுங்கள். அதற்கு மேல் பொறுக்காமல் பொலிசின் 119க்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் கொப்பியைப் பார்த்து வாசித்துச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை இரண்டு பொலித்தீன் பைக்குள் தனித்தனியாக முடிந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள், பைக்குள் இருக்கும்போதே தொடுதிரை வேலை செய்யும்.

அம்பாறைப் பக்கம் ஆபத்து இடத்துக்கிடம் மாறும். பொத்துவில் களப்பில் வெளிநாட்டவரோடு போகும் தோணிகளில் படம் எடுக்க எல்லாரும் ஒரு பக்கம் எழும்புவதுதான் தொல்லை. புறப்படுமுன் கையால் காட்டி "இருந்துகொண்டே" என்று விளக்கவேண்டும். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் ஆழமானது. நீர் வற்றும் மாதங்களில் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள் படகின் அடியைக் கிழிக்கும், வேகத்தைக் குறைப்பது தவிர வழியில்லை. 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே இழுத்துச் சென்றது. அப்படி ஓடும் வெள்ளத்தில் சாதாரணத் தோணியோடு யாரும் இறங்கக்கூடாது. வீதியின் இரு முனையிலும் ஆள் நிறுத்தி மறிப்பது மட்டுமே தொண்டரின் வேலை.

மாலையில் அங்கிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டு, எலி ஏறாத உயரத்தில் பூட்டுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் துறைக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் நல்லது. சம்பவம் ஏதும் நடந்த நாளில் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அன்றே படம் எடுத்துக் கிராம சேவையாளருக்கு அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர்களின் படம் மட்டும் எந்தத் தொண்டரின் தொலைபேசியிலும் இருக்கக்கூடாது.